மெக்கானிக்கல் படிக்கலாமா? வேலூர்ப் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து குடியாத்தத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். கையில் மதிப்பெண் பட்டியலின் நகல் இருக்கும். துணைக்கு ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். நான் இயந்திரவியலில் பி.இ. முடித்து, ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் இந்தப் படிப்பைப் படித்த முதல் ஆள் என்பதால் இந்தக் கௌரவம். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன ஒரு கத்திரி வெயில் காலத்தில், எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

“மெக்கானிக்கல் என்றால் வண்டி மெக்கானிக் வேலைதானே? அதற்கு எதற்கு நான்கு வருடம்?”

வண்டி பழுது பார்க்கிறவருக்குக் கெட்டுப்போன பாகம் எது என்று தெரிய வேண்டும். அந்தப் பாகம் ஏன் அந்தத் தடிமனில், அந்த உலோகத்தில், அந்த வளைவோடு செய்யப்பட்டது என்பது இந்தப் படிப்பின் கேள்வி. ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ தோல் பதனிடும் தொழிற்சாலைக்குள் போனால், ஆள் உயரத்தைத் தாண்டிய மர டிரம் ஒன்று தோலையும் தண்ணீரையும் வயிற்றில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுவதைப் பார்க்கலாம். அதைச் சுழற்றும் மோட்டாரோ நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடுவது. இடையில் எத்தனை பல் சக்கரங்கள் வேண்டும், அச்சுத்தண்டு எவ்வளவு கனம் இருக்க வேண்டும், பேரிங் எத்தனை நாள் உழைக்கும், நனைந்த தோல் ஒரே பக்கமாகக் குவிந்தால் என்ன முறியும்? இதையெல்லாம் டிரம் செய்வதற்கு முன்பே காகிதத்தில் சொல்லக் கற்பதற்குத்தான் நான்கு வருடம்.

மெக்கானிக் வேலை தாழ்ந்தது என்று சொல்லவில்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர்கள்.

“என் மகனுக்கு பைக் என்றால் உயிர். அவனுக்கு இந்தப் படிப்பு பொருந்தும் அல்லவா, தம்பி?”

பைக் ஓட்டப் பிடிக்குமா, பிரித்துப் பார்க்கப் பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள் அம்மா. ஓட்ட மட்டும் பிடிக்கும் என்றால் அது வேறு விஷயம்.

பிரித்துப் பார்க்கப் பிடிக்கும் என்றால் இன்னொரு கேள்வி: கணக்குப் பிடிக்குமா? இந்தப் படிப்பின் முதுகெலும்பு கணிதமும் இயற்பியலும்தான். வகைநுண்கணிதத்தைக் கண்டால் ஓடுகிற பையனை பைக் ஆசையை மட்டும் நம்பிச் சேர்த்தால், இரண்டாம் ஆண்டில் அந்த ஆசையும் போய்விடும். அப்படிப் போனவர்கள் என் வகுப்பில் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

“கட் ஆஃப் எப்படிப் போடுகிறார்கள்? மொத்தம் அறுநூறுக்கு என்ன மதிப்பெண் என்று பார்க்க மாட்டார்களா?”

மாட்டார்கள். கணிதம் நூற்றுக்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. ஆக மொத்தம் 200. கணிதத்தில் 84, இயற்பியலில் 76, வேதியியலில் 80 என்றால் 84 + 38 + 40 = 162. தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்த மதிப்பெண் இந்தக் கணக்கில் வராது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கு இதுதான் முறை. தனியாக நுழைவுத் தேர்வு கிடையாது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை வைத்துக் கல்விக் கட்டணச் சலுகை பெறலாம். அந்தச் சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முந்தைய வாரம் வாங்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அந்த வாரம் ஊரே வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும்.

“நம் பக்கத்தில் எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி?”

அரசுக் கல்லூரி வேண்டும் என்றால் வேலூர் பாகாயத்தில் 1990இல் தொடங்கிய தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. கட்டணம் குறைவு, அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம், இடம் கிடைப்பது கலந்தாய்வு வழியாக. காட்பாடியில் இருக்கும் வி.ஐ.டி. 1984இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. மேலே சொன்ன கட் ஆஃப் கணக்கு அங்கே செல்லாது. இவை தவிர வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், அதாவது பழைய வட ஆற்காடு முழுவதும், சுயநிதிக் கல்லூரிகள் பல உள்ளன.

சுயநிதிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் சொல்லும் யோசனை ஒன்றுதான். நேரில் போய் ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். இரும்பைக் கடையும் லேத் இயந்திரங்களின் அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, எண்ணெய் வாசனை அடிக்கிறதா, கைப்பிடி தேய்ந்து பளபளக்கிறதா என்று பாருங்கள். புத்தம் புதிதாக, பிளாஸ்டிக் உறை கூடக் கழற்றாமல் இருந்தால் அந்த இயந்திரம் ஆய்வுக் குழுவுக்காக வாங்கப்பட்டது. உங்கள் பிள்ளைக்காக அன்று. நுழைவாயில் வளைவின் உயரத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

“தமிழ் வழியில் படித்தவன் நான். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும் என்கிறார்கள். தாக்குப் பிடிப்பேனா அண்ணா?”

நானும் பிளஸ் டூ வரை தமிழ் வழிதான். முதல் மாதம் வகுப்பில் ‘டென்சைல் ஸ்ட்ரெஸ்’ என்று சொன்னபோது மிரண்டுபோனேன். இழுவிசைத் தகைவு என்று பதினோராம் வகுப்பில் படித்ததுதான் அது என்று தெரிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. தகைவு, திரிபு, முறுக்கு விசை, பாகுநிலை, உள்ளுறை வெப்பம் என்று நமக்குத் தெரிந்த சொற்களே வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகின்றன. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதி வையுங்கள். என் நோட்டு இருபத்தாறாம் பக்கத்தோடு நின்றுவிட்டது. அதற்குமேல் தேவைப்படவில்லை.

தேர்வில் நீங்கள் எழுதப்போவது கட்டுரை அன்று. பாதி சமன்பாடு, கால்வாசி படம், மிச்சம்தான் வாக்கியம். சிறு சிறு வாக்கியங்களாக எழுதினால் போதும். கஷ்டம் எங்கே வரும் என்றால், கடைசி ஆண்டு நேர்முகத் தேர்வில். அதற்கு முதல் ஆண்டிலிருந்தே வாய்விட்டுப் பேசிப் பழக வேண்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இயந்திரவியலைத் தமிழிலேயே படிக்கும் வழியும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் இயந்திரவியலையும் கட்டடப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கியது. நீங்கள் சேரும் ஆண்டில் எந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு இருக்கிறது என்பதைக் கலந்தாய்வுப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

“மெக்கானிக்கலில் சேர்ந்தேன். முதல் ஆண்டில் வேதியியலும் மின்சாரமும் கணினி நிரலும் நடத்துகிறார்களே, ஏன்?”

எல்லாப் பிரிவுக்கும் முதல் ஆண்டு ஏறக்குறைய ஒன்றுதான். பொறுத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்தல் பாடம் வேதியியலில் வருகிறது. தோல் தொழிற்சாலைக்குள் ஒரு குழாய் எப்படி அரித்துப்போகும் என்று பார்த்த பிறகு நான் அந்தப் பாடத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

“டிராயிங் பாடத்தைப் பார்த்தால் அழுகை வருகிறது. கூம்பை வெட்டினால் என்ன வடிவம் வரும் என்று எப்படித்தான் கற்பனை செய்வது?”

கற்பனை செய்யாதீர்கள், வெட்டுங்கள். கேரட் வாங்கி வந்து கத்தியை எடுங்கள். குறுக்கே நேராக வெட்டினால் வட்டம். சற்றுச் சாய்த்து வெட்டினால் நீள்வட்டம். கேரட்டின் பக்கவாட்டுச் சரிவுக்கு இணையாக வெட்டினால் பரவளையம். நான் விடுதிச் சமையலறையில் இரண்டு கிலோ கேரட்டை இப்படி நாசம் செய்து, அன்று எல்லோருக்கும் கேரட் பொரியல் கிடைக்கக் காரணமானேன். இலவம்பாடி முள் கத்தரிக்காயையும் வெட்டிப் பார்த்தேன். அது குழம்புக்குத்தான் சரி.

மேற்பார்வை, முன்பார்வை, பக்கப்பார்வை என்ற மூன்றையும் ஒரு தீப்பெட்டியை வைத்துக்கொண்டு பழகுங்கள். குடியாத்தத்தில் தீப்பெட்டிக்குப் பஞ்சமா என்ன! இந்திய வழக்கில் முதல் கோண வீழல் முறை பயன்படுகிறது. அதில் மேற்பார்வை, முன்பார்வைக்குக் கீழே வரும். இந்த ஒன்றைத் தலைகீழாக மாற்றிப் போட்டு மதிப்பெண் இழப்பவர்கள்தான் அதிகம். கணினியில் வரையும் காலத்தில் கையால் எதற்கு என்று கேட்பீர்கள். மென்பொருள் கோடு போடும். எந்தக் கோடு மறைவில் இருக்கிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது போட்டது சரியா என்று சொல்ல முடியும்.

“பெண்பிள்ளையை மெக்கானிக்கலில் சேர்க்கலாமா? லேத்தில் எல்லாம் நிற்க முடியுமா?”

சேர்க்கலாம். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943இல், நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா மின்பொறியியல் பட்டம் வாங்கியபோது இதே கேள்வியை யாராவது அவர் அப்பாவிடம் கேட்டிருப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி காலணித் தொழிற்சாலைகளில் வரிசை வரிசையாக இயந்திரங்களின் முன் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

லேத்தில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. தொளதொள உடைக்கும் விரிந்த கூந்தலுக்கும்தான் ஆபத்து. துப்பட்டாவும் வளையலும் கழற்றப்பட வேண்டும், முடி கட்டப்பட வேண்டும், காலில் ஷூ வேண்டும். பையன்களின் கைக் கயிறுக்கும் மோதிரத்துக்கும் இதே சட்டம்தான். என் வகுப்பில் அரம் போட்டு, மூலமட்டம் வைத்தால் வெளிச்சமே தெரியாத அளவுக்கு இரும்புத் துண்டைச் சதுரமாக்கியவள் ஆறு பெண்களில் ஒருத்தி. எங்கள் பையன்களின் துண்டுகள் எல்லாம் இட்லி போல நடுவில் உப்பியிருந்தன. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

“டிப்ளமா முடித்துவிட்டு நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் லாபமா நஷ்டமா?”

கை வேலையில் லாபம், கணிதத்தில் நஷ்டம். ஒர்க்‌ஷாப்பிலும் டிராயிங்கிலும் மற்றவர்கள் உங்களைக் கேட்டுத்தான் செய்வார்கள். முதல் ஆண்டுக் கணிதத்தைத் தாண்டி வருவதால் மூன்றாம் பருவத்தில் திணறுவீர்கள். சேர்வதற்கு முந்தைய விடுமுறையில் தொகைநுண்கணிதத்தைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

“தெர்மோடைனமிக்ஸில், அதாவது வெப்ப இயக்கவியலில், ஒன்றுமே புரியவில்லை. மனப்பாடம் செய்து எழுதிவிடலாமா?”

முதல் உள்தேர்வில் எழுதிவிடலாம். பிறகு வெப்பப் பரிமாற்றம், எஞ்சின்கள், குளிர்பதனம் என்று அதன் மேல் கட்டிய பாடங்கள் ஒவ்வொன்றாக வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

புழுங்கல் அரிசி ஆலைக்குப் போயிருக்கிறீர்களா? ஆரணிப் பக்கம் போனால் நிறையப் பார்க்கலாம். நெல்லை வேகவைக்க ஏன் கொதிநீரை ஊற்றாமல் கொதிகலன் வைத்து நீராவியை அனுப்புகிறார்கள்? ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 293 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை 100 டிகிரியில் நீராவியாக மாற்ற 2,257 கிலோஜூல் வேண்டும். வெப்பமானி நகரவே நகராது, ஆனால் ஏழரை மடங்குக்கும் மேலான வெப்பத்தை அது விழுங்கிவிடுகிறது. நெல்லின் மேல் பட்டுத் திரும்பத் தண்ணீராகும்போது விழுங்கியது அத்தனையையும் கக்குகிறது. கொதிநீர் பட்ட கையைவிட நீராவி பட்ட கை ஏன் அதிகம் வேகிறது என்பதற்கும் இதுதான் பதில்.

இதைப் புரிந்துகொண்டு நீராவி அட்டவணையைத் திறங்கள். அதுவரை எறும்பு வரிசை போல இருந்த எண்கள், ஓர் ஆலையின் கணக்குப் புத்தகம் போலத் தெரியும். தேர்வில் அந்த அட்டவணையைக் கொடுக்கிறார்கள். மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, எந்த வரிசையைப் பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

“எந்தப் பாடத்தில் அரியர் விழும்? முன்கூட்டியே தெரிந்தால் உஷாராக இருப்பேன்.”

நான் பார்த்த வரையில் கணிதம், பொருள்களின் வலிமை, இயந்திரங்களின் இயங்கியல், வெப்பப் பரிமாற்றம். எனக்கு விழுந்தது இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் பொறியியல் விசையியலில். காரணமும் தெரியும். பொருளைத் தனியாகப் பிரித்து வரைந்து, அதன் மேல் படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டும் படத்தைப் போடாமல் நேரே சமன்பாட்டுக்குத் தாவினேன். கிணற்று ராட்டினத்தில் தொங்கும் குடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடத்தை மட்டும் வரையுங்கள்: கீழே எடை, மேலே கயிற்றின் இழுவிசை. இரண்டே அம்பு. இதைப் பத்து நாள் விடாமல் செய்திருந்தால் எனக்கு அந்த அரியர் விழுந்திருக்காது.

விழுந்துவிட்டால் அடுத்த பருவத்திலேயே எழுதி முடியுங்கள். அரியர் வட்டி போலக் குட்டி போடும்.

“வெளியில் டிசைன் மென்பொருள் வகுப்புக்குப் பெரிய தொகை கேட்கிறார்கள். சேரட்டுமா?”

சேர்வதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டோகேட், ஃபியூஷன் போன்றவற்றை மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. ஆன்சிஸ் மென்பொருளுக்கும் இலவச மாணவர் பதிப்பு உண்டு. கட்டாயப்படுத்தி உட்கார வைக்க ஆள் வேண்டும் என்றால் மட்டும் பணம் கட்டுங்கள். டிராயிங் கேள்விக்கு மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்: மென்பொருளில் வண்ண வண்ணமாக வரும் தகைவுப் படம் சரியா என்று கையால் ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரியாதவரை அது வெறும் கோலம்தான்.

“வேலை கிடைக்குமா? உண்மையைச் சொல்லுங்கள் சார்.”

கிடைக்கும்; முதல் சம்பளம் கணினித் துறைக்குப் போன நண்பனுடையதைவிடக் குறைவாக இருக்கும். இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் என் வகுப்பில் பெரும்பாலோர் மென்பொருள் நிறுவனங்களுக்கே போனார்கள். அவர்கள் யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. ஆலையில் மூன்று ஷிப்ட், தூசி, மே மாத வெப்பம், நள்ளிரவில் வரும் தொலைபேசி எல்லாம் உண்டு. ஐந்தாறு ஆண்டு தாண்டினால் அனுபவத்துக்கு மதிப்புக் கூடும்.

நம் பக்கத்திலேயே ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலை, அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை, சோளிங்கரில் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை, சிப்காட்டில் சிறிதும் பெரிதுமாகப் பல தொழிற்சாலைகள் இருக்கின்றன. பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். படித்தவுடன் வேலை அமையாவிட்டால் பட்டதாரிகளுக்கான ஓராண்டு தொழில் பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். உதவித்தொகை பெரிதாக இருக்காது. ஆனால் ஆலைக்குள் காலெடுத்து வைத்துவிடலாம். நான் உள்ளே வந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

“கேட் தேர்வு எப்போது எழுதுவது?”

மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 பொது அறிவுத்திறன். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். மேற்படிப்புக்கும் சில பொதுத்துறை நிறுவன வேலைகளுக்கும் பயன்படும். அரியர் வைத்திருப்பவர்கள் முதலில் அதை முடிக்கட்டும்.

“கடைசி ஆண்டு புராஜெக்டைப் பணம் கொடுத்து வாங்கிவிடுகிறார்களே எல்லோரும். நான் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும்?”

எல்லோரும் இல்லை, ஆனால் நிறையப் பேர்தான். நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்கும் பக்கத்தில் இப்போது நானும் சில முறை உட்கார்ந்திருக்கிறேன். “இந்தத் தண்டுக்கு ஏன் இந்த விட்டம்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், வாங்கிய புராஜெக்ட் முகத்தில் தெரிந்துவிடும். செய்தது ஓடாமல் போனாலும் பரவாயில்லை. ஏன் ஓடவில்லை என்று சொல்லத் தெரிந்த பையனை நாங்கள் எடுத்திருக்கிறோம்.

தலைப்புக்கு இணையத்தில் தேடாதீர்கள். குடியாத்தம் கைத்தறியில் நெசவாளியின் முழங்கால் ஏன் வலிக்கிறது என்று கேளுங்கள். தோல் டிரம்மின் கதவைத் திறக்க இரண்டு ஆள் ஏன் தேவைப்படுகிறது என்று பாருங்கள்.

“மின்சார வண்டி வந்துவிட்டால் எஞ்சினே இல்லை. அப்புறம் மெக்கானிக்கல் எதற்கு?”

எஞ்சின் போகும். பிரேக், சஸ்பென்ஷன், சட்டகம், சக்கரம், பேரிங், பல் சக்கரம் எல்லாம் இருக்கும். பேட்டரி சூடானால் ஆயுள் குறையும், அளவு மீறினால் தீப்பிடிக்கும். அந்தச் சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பது முழுக்க முழுக்க வெப்பப் பரிமாற்றப் பாடம். மேலே நீராவிக்குச் சொன்ன கணக்கின் தம்பிதான் அது. ராணிப்பேட்டையிலேயே மின் ஸ்கூட்டர் தயாராகிறது. எஞ்சின் பாடத்தை மட்டும் படித்துவிட்டு மற்றதை ஒதுக்குகிறவர்களுக்குத்தான் சிக்கல். மோட்டாரும் கட்டுப்பாட்டுச் சுற்றும் ஓரளவு கற்றுக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் மின்சாரப் பாடம் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

“நான்கு வருடம் படித்தாயே, எங்கள் வீட்டு மோட்டார் ஏன் தண்ணீர் இழுக்கவில்லை என்று சொல் பார்ப்போம்?”

இது மாணவர்கள் கேட்பதன்று. மாணவர்களிடம் மாமாக்கள் கேட்பது. எல்லாக் கேள்விகளிலும் இதுதான் கடினம், எனவே கடைசியில் வைத்தேன்.

மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை, மாமா. குழாயில் காற்றழுத்தத்தை அது குறைக்கிறது. கிணற்று நீரின் மேல் இருக்கும் வளிமண்டலம் தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் வளிமண்டலத்தால் தள்ள முடிந்தது அதிகபட்சம் 10.3 மீட்டர். குழாய் உராய்வும் மற்ற இழப்புகளும் போக, நடைமுறையில் ஆறேழு மீட்டர் வந்தாலே நல்லது. பாலாற்றங்கரைக் கிணறுகளில் நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், மேலே வைத்த மோட்டார் எத்தனை குதிரைத்திறன் ஆனாலும் வெறும் சத்தம்தான் போடும். தண்ணீருக்குள்ளேயே இறக்கிவைக்கும் மோட்டார்தான் வழி. அது இழுக்காமல் அடியிலிருந்து தள்ளுகிறது.

நீர்மட்டம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், முதலில் குழாயில் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றிப் பாருங்கள். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கினால் அடியில் ஃபுட் வால்வில் மண்ணோ சருகோ சிக்கியிருக்கிறது. நின்றும் வரவில்லை என்றால் குழாய் இணைப்பில் எங்கோ காற்று புகுகிறது. மும்முனை மோட்டார் என்றால் தலைகீழாகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். என் மாமா வீட்டில் நான் இதையெல்லாம் அரை மணி நேரம் விளக்கி முடித்தபோது, தெருமுனை பிளம்பர் வந்து ஃபுட் வால்வைக் கழற்றி ஒரு வேப்பங்கொட்டையை எடுத்துக் காட்டினார்.